பன்னிரண்டு காம்பரா, ஒரே ஒரு வீடு

மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. வெட்டின கோட்டில் தண்ணீர் இறங்கி, பால் சிரட்டைக்குப் போகாமல் பட்டையெல்லாம் பரவிவிடும். அதனால் மழைநாளில் எங்களுக்கு வேலையில்லை. எனக்கு மட்டும் ஒரு வேலை இருக்கும். வாசலில் நின்று, ரோட்டுக்கு அந்தப் பக்கம், குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பன்னிரண்டு காம்பரா ஒரே கூரைக்கடியில் வரிசையாக நிற்கிற கீழ் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மலைச்சரிவைப் பார்ப்பது.

கீழ் லயத்தின் கடைசிக் காம்பராவில் என் தங்கச்சி இருக்கிறாள். அவள் புருஷன் எஹலியகொடையில் ஒரு பேக்கரியில் வேலை, வாரத்துக்கு ஒருதரம் வருவார். மற்ற நாளெல்லாம் அவளும் இரண்டு பிள்ளைகளும்தான். போன மழைக்கு அவள் அடுப்படிக்குப் பின்னால் நிலம் வாய் திறந்துவிட்டது. முதலில் விரல் நுழைகிற அளவு இருந்தது, பிறகு கை நுழைகிற அளவு. நான் போகும்போதெல்லாம் அதில் ஒரு குச்சியை விட்டுப் பார்ப்பேன்.

"அக்கா, நீ பாத்துக்கிட்டே நின்னா மலை வெக்கப்பட்டுக்கிட்டு நின்னுரும்னு நெனக்கிறியா?" என்று தங்கச்சி கேட்பாள்.

எனக்குப் பயப்பட மட்டும்தான் தெரியும், பார்த்துக்கொள்ளத் தெரிந்தவள் அவள். தோட்டத்து ஆபீஸ் சுவரில் மண்சரிவு வரைபடம் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார்கள். பல வர்ணத்தில் கோடு கோடாக இருந்தது. நான் உட்பட எல்லாரும் அதைக் கடந்து போனோம், வந்தோம். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இது எங்கே புரியப்போகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். தங்கச்சியும் என்னைவிட ஒன்றும் அதிகம் படித்தவளில்லை. ஆனாலும் அவள் போய் நின்று விரலை வைத்துத் தேடினாள். "இந்தா ஓடை. இது கோயில் வளைவு. இது ஸ்டோர்." விரல் மெதுவாக நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. "இது எங்க கூரை, அக்கா. செவப்புக்குள்ள இருக்கு."

அதற்குப் பிறகுதான் லயமே கூடி வந்து பார்த்தது.

சிவப்புக்குள் இருக்கிறவர்களுக்கு வேறிடத்தில் காணியும் வீடும் கிடைக்கும், டவுனில் உள்ள அரசாங்கக் கந்தோருக்குப் போய் கம்ப்யூட்டரில் பதிந்துகொள்ள வேண்டும் என்று அறிவித்தார்கள். பதிந்தவர்களை அடுத்த பெருமழைக்கு முன் முதலில் இடம் மாற்றுவார்கள் என்றும் சொன்னார்கள். கீழ் லயத்தில் முதல் காம்பராக்காரர் தொழிற்சங்கத் தலைவர். அவர்தான் முதலில் போனார், பதிந்தார், துண்டு வாங்கி வந்தார். அடுத்து இரண்டாம் காம்பராக்காரர் போனபோது, ஏற்கெனவே பதிந்தாகிவிட்டது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. யார் பெயரில் என்று கேட்டதற்குத் தலைவருடைய பெயரைக் காட்டியது. நாலாம் காம்பராவுக்கும் அதே கதை. ஏழுக்கும் அதே.

விஷயம் பீலிக்கரைக்கு வந்துவிட்டது. தண்ணீருக்கு நிற்கும்போது ஏழாம் காம்பரா அக்கா ஆரம்பித்தாள்.

"என்னங்க தலைவரே, எங்க எல்லாரையும் உங்க குடும்பத்துல சேத்துக்கிட்டீங்களாமே. அப்ப இன்னைக்குச் சோறு உங்க வீட்டுலதானே?"

"நான் என் பேரு, சம்சாரம் பேரு, புள்ளைங்க பேரு. அவ்வளவுதான் குடுத்தேன்," என்றார் அவர். "உன்னையும் சேத்துக்கிட்டு வீட்டுக்குப் போனா எனக்கே அங்க எடமிருக்காது."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம். அன்றைக்கு என் தங்கச்சி சொன்னாள்:

"ஆளு பொய் சொல்லும் தலைவரே. கம்ப்யூட்டரு ஏன் பொய் சொல்லப் போகுது?"

அவர் குடத்தை நிரப்பாமலே எடுத்துக்கொண்டு போனார். அவர் அப்படிப்பட்ட ஆளில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. கம்ப்யூட்டர் ஏன் பொய் சொல்லும் என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அது எப்படி முடிவெடுக்கிறது? யாரோ சொல்லிக் கொடுத்துத்தானே எடுக்கும்? அந்த யாரோ யார்?

அடுத்த மழைநாளில் தங்கச்சியோடு நானும் பஸ் ஏறினேன்.

கந்தோரில் சின்ன வயது மிஸ் ஒருவர் இருந்தார். சிங்களத்தில் ஒரு படிவத்தை நீட்டினார். தங்கச்சி அதை வாங்காமல், "தமிழ்ல தாங்க மிஸ். சட்டம் இருக்குத்தானே," என்று சிங்களத்திலேயே சொன்னாள். மிஸ் கோபப்படவில்லை. கீழ் லாச்சியை இழுத்து, அடியிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். தங்கச்சி அதை நிரப்பினாள். மிஸ் தட்டினார். திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று வந்து நின்றது.

"சிஸ்டம் எக்க கன்னே நே, அக்கே." சிஸ்டம் எடுக்குதில்லையாம். பிறகு நாங்கள் பேசியதெல்லாம் சிங்களத்தில்தான்.

"ஏன் மிஸ் எடுக்குதில்ல?" என்று நான் கேட்டேன்.

"தெரியாது."

"யாருக்குத் தெரியும்?"

"செஞ்சவங்களுக்கு. கொழும்புல ஒரு கம்பெனி. இப்ப அவங்களோட ஒப்பந்தம் முடிஞ்சிருச்சு. நாங்க எழுதிப் போட்டிருக்கோம், பதில் வரல்ல."

"நீங்களே உள்ளுக்குப் பாத்துச் சொல்ல ஏலாதா?"

அவர் என்னைப் பார்த்தார். கேலி செய்யப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் சலிப்பாகத்தான் சொன்னார். "எனக்கே காட்டாது அக்கா. பெரிய ஐயாவுக்கும் காட்டாது. உள்ளுக்கு இருக்கிறது கம்பெனியோட சொத்து."

சொத்து. வெளியே வந்து கூரைக்கடியில் நின்றபோதும் அந்த வார்த்தை விடவில்லை. வெடித்த நிலம் அரசாங்கத்தின் நிலம். பதிவு செய்கிறது அரசாங்கத்தின் கந்தோர். பயம் எங்களுடையது. எங்களை உள்ளே எடுப்பதா வேண்டாமா என்று சொல்கிற பொருள் மட்டும் யாரோ ஒரு கம்பெனியின் சொத்தா? அந்த மிஸ் நல்ல பிள்ளை. இப்படித் திரும்பின சிலரின் பெயர்கள் இருந்த ஒரு கடதாசியில் தங்கச்சியின் பெயரையும் ஃபோன் நம்பரையும் கையால் எழுதி வைத்துக்கொண்டார். ஆனால் மேலே போவது கம்ப்யூட்டரில் ஏறினது மட்டும்தான் என்று அவரே சொல்லிவிட்டார்.

மழை வலுத்தது. எதிரே இருந்த கொமினிகேஷன் கடைக்குள் ஓடினோம். போட்டோ கொப்பி, டைப்பிங், ரீலோட் எல்லாம் செய்கிற கடை. நடத்துகிறவர் ஒரு முஸ்லிம் நானா. என்னைவிட வயது குறைவுதான், ஆனாலும் டவுனில் எல்லாரும் அவரை அண்ணன் என்கிற அர்த்தத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம். படிவத்தைக் கொப்பி எடுக்கக் கொடுத்துவிட்டுத் தங்கச்சி நடந்ததைச் சொன்னாள்.

"உள்ளுக்குப் பாக்கேலாதாமா?" அவர் சிரித்தார். "இங்க வாங்க, ஒண்ணு காட்டுறேன்."

அவருடைய கம்ப்யூட்டர் மற்றக் கடைகளில் பார்த்தது போல இல்லை. காசு கொடுத்து வாங்கவும் வசதியில்லை, களவாகப் போட்டு ஓட்டவும் மனசில்லை என்பதால், சும்மா கிடைக்கிற ஒன்றைப் போட்டிருக்கிறாராம். ஓப்பன் சோர்ஸ் என்றார். எதையோ தட்டினார், திரை முழுக்க எழுத்து வந்தது. தன் பிரிண்டருக்கு வேலை சொல்கிறது இதுதான் என்றார்.

"எறும்பு போற மாதிரி இருக்கு," என்றாள் தங்கச்சி. "இது உங்களுக்குப் புரியுதா நானா?"

"எனக்கா? ஒண்ணும் தெரியா."

"அப்பத் தொறந்து வச்சு என்ன பிரயோசனம்?" என்று நான் கேட்டேன். சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

"எனக்குத் தெரியாட்டி தெரிஞ்ச ஒத்தன் பாப்பான் தானே, அக்கா. இந்த பிரிண்டர் ஒருக்கா வேலை செய்யல்ல. இன்டர்நெட்ல எழுதிப் போட்டேன். எந்த நாட்டுக்காரனோ தெரியா, உள்ளுக்குப் பாத்துட்டு, இந்த வரியில பிழை ஈக்கின்னு செல்லிட்டான்." இருக்கு என்பது அவர் வாயில் ஈக்கி, சொல்லு என்பது செல்லு.

"அவனுக்கு என்ன கெடச்சுச்சு?"

"அதுவும் தெரியா," என்றார் நானா.

முகம் தெரியாத ஒருவன் இந்த டவுனில் உள்ள பிரிண்டருக்காக ஏன் தலையை உடைத்துக்கொண்டான் என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் திறந்து வைப்பதைப் பற்றி அப்போது ஒன்று புரிந்தது. ஆபீஸ் சுவரில் இருந்த வரைபடமும் அப்படித்தானே இருந்தது? எங்களில் யாருக்கும் அது புரியவில்லை. சுவரில் இருந்ததால்தான் தங்கச்சி போய் விரல் வைத்தாள். யாராவது ஒருவரின் அலுமாரிக்குள் இருந்திருந்தால் அவள் எங்கே விரலை வைத்திருப்பாள்?

இருந்தாலும் என் புத்தி உடனே அடுத்த பயத்துக்குத் தாவியது. "எல்லாருக்கும் தெரியுற மாதிரி வச்சா, எங்க பேரு, அடையாள அட்டை நம்பரு எல்லாம் கண்டவன் கைக்குப் போகாதா?"

"பேரையெல்லாம் தொறந்து வைக்கச் செல்லல்ல. பேரைக் கம்ப்யூட்டர் எப்பிடிப் பிரிக்குது, எதைப் பாத்து வேணான்னு செல்லுதுன்னு ஈக்கிற முறையை மட்டும்தான்."

"அந்த முறை தெரிஞ்சா ஏமாத்துறவன் அதுக்குத் தக்கமாதிரி பதிஞ்சுருவானே."

"ஏமாத்துறவன் இப்பவும் எப்பிடியோ தெரிஞ்சுக்கிட்டுத்தான் செய்யிறான். ஒங்களப் போல ஆள்கள்தான் மழைக்கு நனைஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க."

அந்தப் பதில் எனக்குப் பாதிதான் போதுமாயிருந்தது. மீதிப் பாதிக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

"அப்ப அரசாங்கம் ஏன் உங்கட மாதிரி ஒண்ணை வாங்கல்ல?" என்றாள் தங்கச்சி.

"யாரு கட்டாயப்படுத்தினா? அதோட அவங்களுக்கும் ஒரு நியாயம் ஈக்கி. சும்மா வந்த சாமான் கெட்டுப்போனா யாரைப் புடிக்கிற? கம்பெனின்னா ஃபோன் நம்பர் ஒண்ணாவது ஈக்கும்."

"அந்த நம்பருக்குத்தான் இப்பப் பதிலே வரலியாம்," என்றேன். "கவுருமெண்டு வேலைக்குப் போடுறதெல்லாம் தொறந்ததாத்தான் இருக்கணும்னு ஒரு சட்டம் போட்டா என்ன?"

நானா கொப்பி மெஷினின் மூடியைத் தூக்கிக்கொண்டே சிரித்தார். "சட்டமா? தமிழ்ல கடதாசி குடுக்கணும்னும் சட்டம் ஈக்கி. குடுக்குறாங்களா?"

தங்கச்சி மூடிக்கு அடியிலிருந்து தன் படிவத்தை இழுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "இந்தா, குடுத்தாங்களே."

"நீங்க கேட்டீங்க, குடுத்தாங்க."

"சட்டம் இருக்குன்னுதானே கேட்டேன். இல்லாட்டி எதை வச்சுக் கேக்குறது? உங்க மூஞ்சிய வச்சா?"

நானா சிரித்துவிட்டார். எனக்கு அந்த இடம்தான் முக்கியமாகப் பட்டது. சட்டம் போட்டதும் எல்லாம் நேராகிவிடும் என்று நம்புகிற ஆளில்லை நான். எதையும் அப்படி நம்பினதில்லை. ஆனால் மிஸ்ஸிடம் நான் உள்ளுக்குப் பார்க்கலாமா என்று கேட்டபோது பிச்சை கேட்கிறவள் மாதிரி கேட்டேன். தங்கச்சி தமிழில் கேட்டபோது அப்படிக் கேட்கவில்லை. லாச்சியின் அடியில் தூசியோடு கிடந்தாலும், ஒரு படிவம் அங்கே இருந்தது. அது அங்கே இருக்கவேண்டும் என்று எங்கேயோ எழுதியிருந்ததால் இருந்தது.

நானா படிவத்தைத் திரும்ப வைத்துக் கொப்பி எடுத்தார். எடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தவர், "அட்ரஸ் இவ்வளவுதானா?" என்றார்.

தோட்டத்தின் பெயர், டவுனின் பெயர். அவ்வளவுதான் இருந்தது.

"இவ்வளவுதான்."

"தலைவரும் இதைத்தான் எழுதினாரா?"

"எல்லாரும் இதைத்தான் எழுதுவோம்."

அதுதான் எங்கள் வழக்கம். லயம் என்றோ காம்பரா என்றோ நாங்கள் யாரும் விலாசத்தில் எழுதுவதில்லை. எழுதினால் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளையை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள் என்று ஒரு நினைப்பு. தோட்டத்தின் பெயரை மட்டும் போட்டால், கேட்கிறவர்கள் பங்களா என்றுகூட நினைத்துக்கொள்ளலாம். கடிதமும் எப்படியோ தோட்டத்து ஆபீசுக்கு வந்து, காலையில் பெரட்டுக்களத்தில் வேலை பிரிக்கிறபோது பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே எந்தக் குறையும் தெரிந்ததில்லை.

"அப்ப சரி," என்றார் நானா. "ஒரே அட்ரஸ்ல ஈக்கிறவங்க எல்லாம் ஒரே குடும்பம்னு எவனோ உள்ளுக்கு எழுதி வச்சிருக்கான் போல. கம்ப்யூட்டருக்கு ஒங்கட பன்னெண்டு காம்பராவும் ஒரே வீடு."

தங்கச்சி கொப்பியை வாங்கி விலாசத்தை இன்னொரு தரம் வாசித்தாள். தலைவரைத்தான் நினைத்திருப்பாள்.

"நிச்சயமாத் தெரியுமா நானா?" என்று கேட்டேன்.

"எப்பிடித் தெரியும்? உள்ளுக்குப் பாக்கேலாதே. போய்த் தட்டிப் பாருங்க."

தங்கச்சி பேனாவை எடுத்தாள். எழுதவில்லை. கல்யாணப் பத்திரிகையில்கூட அவள் லயம் என்று போடவிட்டதில்லை. "இதை எழுதித்தான் ஆகணுமா?" என்று என்னைக் கேட்டாள். எதையும் கேட்காமல் செய்கிறவள் என்னைக் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு வேறொரு பயம். எழுதினபிறகும் சிவப்புப் பெட்டியே வந்தால்? அதைச் சொல்லாமல், "அடுப்படிக்குப் பின்னால இருக்கிற வெடிப்புக்குப் பத்திரிகை தெரியாது," என்றேன். கீழ் லயம், காம்பரா இல. 12 என்று எழுதினாள். எழுத்துகளை மிகவும் சின்னதாக எழுதினாள்.

கந்தோர் மூடுவதற்கு முன் ஓடினோம். மிஸ் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டினார். வட்டம் ஒன்று சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பச்சை வந்தது.

மிஸ் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "இவ்வளவுதானா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார். எங்களைவிட அவருக்குத்தான் அதிக ஆச்சரியம். தினமும் அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவர் அவர். உள்ளே இருப்பதை ஊகித்தது மழைக்கு ஒதுங்கின இரண்டு பேரும் ஒரு கொப்பிக் கடைக்காரரும்.

துண்டை வாங்கினபிறகும் நான் நகரவில்லை. "மிஸ், மத்தத் தோட்டத்து ஆளுங்க? அவங்களும் இப்பிடித்தானே எழுதியிருப்பாங்க."

"வந்தாங்க. இல்லைன்னதும் போயிட்டாங்க." அவர் குரல் இறங்கியது. கையால் பெயர் எழுதி வைத்த கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல இருக்கிறவங்களுக்கு ஃபோன் பண்ணிச் சொல்றேன்," என்றார்.

அந்தக் கடதாசியில் பெயர் இல்லாதவர்கள்? இந்தச் சிஸ்டத்தை வைத்திருக்கிற மற்றக் கந்தோர்கள்? ஓப்பநாயக்கப் பக்கமும் இப்படிச் சரிவுக்குக் கீழே லயங்கள் இருக்கின்றன. அங்கேயும் யாராவது பீலிக்கரையில் யாரையாவது கள்ளன் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிரிண்டருக்குப் பதில் சொன்ன அந்த முகம் தெரியாதவனுக்கு இந்தச் சிஸ்டத்தின் உள்ளே பார்க்க வழியிருந்திருந்தால், ஒரு வரியில் எல்லாருக்கும் சேர்த்து முடித்திருப்பான். பஸ்ஸில் இதைச் சொன்னபோது தங்கச்சி, "இனி அந்தக் கவலையும் உனக்கா?" என்றாள். ஆனால் அவளே அன்று சாயந்தரம் காம்பரா காம்பராவாகப் போய் எல்லாரிடமும் சொன்னாள். முதல் காம்பராவை மட்டும் விட்டுவிட்டாள்.

அப்படி விட்டுவிடவும் முடியவில்லை. வீட்டைப் பார்க்க ஆள் வரும், கதவில் இலக்கம் இருக்கவேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். கீழ் லயத்தில் எந்தக் கதவிலும் இலக்கம் கிடையாது. லயத்தில் பெயின்ட் வைத்திருந்தது ஒரே ஒருவர்தான். தொழிற்சங்கப் பலகை எழுதின மீதி, நீல வர்ணம்.

தங்கச்சி போய் அவர் வாசலில் நின்றாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"தலைவரே, கொஞ்சம் பெயின்ட் வேணுங்க."

அவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். "எதுக்கு?"

"கதவுல நம்பரு போட."

"உன் கதவுக்கு மட்டுமா? இல்ல, பன்னெண்டையும் என் பேர்ல எழுதிக்கவா?"

தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னைக்குச் சொன்னது தப்புங்க. கம்ப்யூட்டரு சொன்னுச்சேன்னு…"

"கம்ப்யூட்டரு சொன்னுச்சு," என்று அவர் அவளைப் போலவே சொல்லிக் காட்டினார். பிறகு எழும்பி, கட்டிலுக்கடியிலிருந்து டின்னை இழுத்தார். டின்னை அவளிடம் கொடுக்கவில்லை. பிரஷ்ஷையும் அவரே எடுத்துக்கொண்டு கடைசிக் காம்பரா வரைக்கும் நடந்து வந்தார். கதவில் 12 என்று ரோட்டிலிருந்தே தெரிகிற மாதிரி எழுதினார். அவள் சின்னதாகப் போதும் என்று சொல்லச் சொல்ல, இன்னும் பெரிதாக எழுதினார்.

எழுதி முடிக்கவும் தூறல் தொடங்கவும் சரியாக இருந்தது. வீடு எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. எனக்குக் கண் தானாகவே கூரைக்கு மேலே, சரிவுக்குப் போய்விட்டது. தங்கச்சி ஒரு உரச்சாக்கை எடுத்துவந்து கதவுக்கு முன்னால் விரித்துப் பிடித்தாள், இலக்கத்தில் சாரல் படாமல்.

"அக்கா, மலைய விடு. வந்து இந்தப் பக்கத்தப் புடி, நம்பரு காயட்டும்."

போய்ப் பிடித்தேன்.